கண்மட்டம்

கம்ப்யூட்டரில் போட்டால் ஐயாயிரம்,
கையால் வரைந்தால் எண்ணூறு என்றேன்.
கையாலேயே போடும்மா என்றார்கள் இருவரும்.
அன்று அவர்கள் ஒத்துப்போனது
அந்த ஒன்றில்தான்.

புதுப்பாளையத்து மனை.
தானே புயலில் ஓடு பறந்து
வருஷக்கணக்காகத் தார்ப்பாயோடு நின்ற வீட்டை
இடித்து, அள்ளி, லாரியில் ஏற்றியாயிற்று.
இடப்பக்கம் தெய்வசிகாமணி, வலப்பக்கம் புருஷோத்தமன்.
ஆளுக்கு ஆயிரத்து இருநூறு சதுர அடி.
ஒரே அச்சில் இரண்டு வீடு,
மாடிக்குக்கூட அதே பதினெட்டுப் படி.
நடுவே ஆளுக்கு ஒன்றரை அடி விட்ட சந்து.

ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதில்லை.
ஆகவே வண்டிப்பாளையத்தில்,
நடுவில் பிறந்த மங்கையர்க்கரசி வீட்டுச்
சாப்பாட்டு மேசைமேல் தாளை விரித்தேன்.

முதலில் கண்மட்டக் கோடு.
ரோட்டுக்கு எதிரே நிற்கும் ஒருவரின் ஐந்தடிக் கண்.
அந்தக் கோட்டில் எங்கோ ஒரு புள்ளி:
கூரை விளிம்பு, ஜன்னலடி, சாக்கடை ஓரம், கரண்ட் கம்பி
எல்லாம் ஓடி அடங்கவேண்டிய இடம்.
தாள் போதவில்லை.
புள்ளி வெளியே போய்
மேசைவிரிப்பின் பிளாஸ்டிக் திராட்சைக் குலையில் விழுந்தது.
செல்லோடேப் ஒட்டி அதன்மேல் குறித்துக்கொண்டேன்.

"என் வீடு ஏன் சிறிசா இருக்கு?"
தூரத்தில் இருக்கிறதல்லவா, சார்.
"தூரமா? அவர் சுவருக்கும் என் சுவருக்கும் மூணடி!"
ஸ்கேலைப் பிடுங்கி அளந்தார் புருஷோத்தமன்.
அண்ணன் வாசல் ஆறு சென்டிமீட்டர்.
தம்பி வாசல் மூன்று.
"பாதி" என்றார்.
அந்த வீட்டில் அந்தச் சொல் நெடுநாள் புழங்கியிருக்க வேண்டும்;
சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது.

கெடிலம் பாலத்தில் நின்று பாருங்கள் சார்,
கடைசி விளக்குக் கம்பம் தீக்குச்சி மாதிரி தெரியும்,
அதை யாராவது தீக்குச்சியாகவா நட்டார்கள்?
"பாலம் வேற, பாகம் வேற" என்றார்.

அடுத்த தாள்.
இந்தமுறை ரோட்டின் வலக்கோடியில் போய் நின்றேன்.
பெரியவர் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி முனையில் துடைத்து,
மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.
"இதுல நான்ல தம்பி."

மூன்றாம் தாளில்
புள்ளியே இல்லாமல் போட்டேன்,
கார்ப்பரேஷனுக்குக் கொடுக்கும் முகப்புப் படம்.
எதுவும் எங்கும் போகவில்லை.
இஸ்திரி போட்டு ஒட்டிய இரண்டு வீடு.
இருவரும் அளந்தார்கள்.
ஆளுக்கு நானூறு எண்ணி வைத்தார்கள்.
ஜெராக்ஸ் எடுக்கத் தனித்தனி வண்டியில் போனார்கள்.

காபி கொண்டுவந்த மங்கையர்க்கரசி
டம்ளரைச் சரியாகச் செல்லோடேப்மேல் வைத்தார்.
அவர் பெயரை முன்பே ஒரு காகிதத்தில் பார்த்திருக்கிறேன்.
அப்ரூவல் கோப்பில், வில்லங்கச் சான்றுக்கு அடியில்,
விடுதலைப் பத்திரம்.
ஒரு கையெழுத்து, ஒரு பெருவிரல்.

கசக்கி வைத்த முதல் தாளை நீவிவிட்டு
"இது எங்கே நின்னு பார்க்கிறது?" என்றார்.
டிரான்ஸ்பார்மருக்கு இந்தப் பக்கம், அக்கா.
"டிரான்ஸ்பார்மர்கிட்டதான்
நான் ஸ்கூல் பஸ்ஸுக்கு நிப்பேன்.
நேர் எதிர்ல எங்க கேட்டு.
பஸ் வந்தாலும் அம்மா இன்னும் நிக்குதான்னு
அதையே பார்த்துட்டிருப்பேன்."
அப்போது எவ்வளவு உயரம் இருப்பீர்கள்?
கையை மேசை விளிம்புக்குச் சற்று மேலே வைத்துக் காட்டினார்.
மூன்றரை அடி.

மிச்சமிருந்த தாளில் கோட்டைக் கீழே இறக்கினேன்.
போர்டிகோக்களின் அடிப்பக்கம் தெரிந்தது.
இரண்டு வீடும் எழுந்து நின்றன,
ஒன்றுக்கொன்று குறையாமல்,
ஆகாயத்தில் பாதியை அடைத்துக்கொண்டு.
புள்ளி இந்தத் தடவை தாளுக்குள்ளேயே விழுந்தது,
அந்த மூன்றடிச் சந்துக்குள்,
பழைய கேட்டு இருந்த இடத்துக்கு நேரே.

இதற்குப் பணம் வாங்கவில்லை.
டேப்பை உரிக்கலாமென்று டம்ளரைத் தூக்கினேன்.
"விடு, நான் துடைச்சுக்கறேன்" என்றார்,
தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.