பதிவுக்காக

ஆளுக்கு மூன்று நிமிடம் என்றார் தலைவர்.
அரிசோனா, வெளியே நூற்றுப் பதினொன்று டிகிரி.
உள்ளே ஏசி, சால்வை கேட்கும் அளவுக்கு.
அந்த பில்லை யார் கட்டுகிறார்களோ.

நான் சுருக்கெழுத்தாளர்.
பிறர் சொன்னதைத் தட்டுவேன்.
கைப்பையில் என் வீட்டு பில் இருந்தது,
அதற்கு அங்கே வாய் கிடையாது.

முதலில் ஒஃபீலியா பிராகமோன்டே,
பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர்.
கோடு போட்ட நோட்டை விரித்தார்.
"ஜூலை பதினேழு, மாலை ஐந்தே கால்.
டிரையர், ஓவன், ஏசி, மூன்றும் ஒன்றாக.
மகனுக்குப் பிறந்தநாள் கேக்.
ஜூலைக்கு எழுநூற்று நாற்பத்து நான்கு மணி நேரம்.
மிச்சமெல்லாம் வேர்த்துக் கிடந்தேன்,
ஒன்றில் மறந்துபோனேன்.
அந்த ஒன்றைப் பிடித்து மாதத்துக்கே விலை வைத்தீர்கள்.
கேக் தொண்ணூற்று நான்கு டாலர், ஐயா.
அதுவும் நடுவில் வேகவில்லை."
(சிரிப்பு) என்று தட்டினேன். அதற்கு அனுமதி உண்டு.

கம்பெனி வக்கீல் எழுந்தார்:
திட்டத்தை வாடிக்கையாளரே தேர்ந்தெடுத்தார்.
எப்படி என்று கேட்டார்கள்.
கடிதத்தின் நான்காம் பக்கத்தில் இருக்கிறதாம்,
முப்பது நாளில் பதில் வராவிட்டால் சம்மதம்.
மௌனம் சம்மதம்.
கல்யாணப் பேச்சில்கூட இப்போது செல்லாத சொல்.

வெர்னான் மனுவெலிட்டோ, வெல்டர்,
டிரெய்லர் குடியிருப்பில் கதவு கதவாகத் தட்டியவர்,
துணிக்கொடியில் அறுபத்தொரு பில்லைக் கிளிப் மாட்டிக் கொண்டுவந்தார்.
இரண்டு பேர் முனை பிடித்தார்கள்.
நாற்பத்து நாலு வீட்டில் ஏற்றம்.
"சராசரி வீட்டுக்கு மிச்சம் என்கிறீர்கள்.
அந்த வீட்டு விலாசம் கொடுங்கள்,
போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்."

பிறகு இர்மா டல்ரிம்பிள்.
மூக்கில் குழாய், சக்கரம் வைத்த ஆக்சிஜன் பெட்டி.
"மூன்றிலிருந்து எட்டுவரை உச்சநேரம், குறைத்துக்கொள் என்கிறீர்கள்.
எதை?"
அவ்வளவுதான் பேசினார்.
மிச்ச நிமிடங்களை மைக்குக்குப் பக்கத்தில்
பெட்டிக்குக் கொடுத்தார்.
புஸ், டக். புஸ், டக்.
தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார், நிறுத்தச் சொல்லவில்லை.
என் இயந்திரத்தில் அந்த ஓசைக்கு விசை இல்லை.
விரல்கள் மேலேயே நின்றன.
இருபத்திரண்டு வருடத்தில்
பதிவில் நான் விட்ட ஒரே ஓட்டை.

தீர்ப்பு நவம்பரில் வந்தது, வெயில் போன பிறகு.
வாங்கிய பணம் திரும்பாது.
பழைய கட்டணத்துக்குத் திரும்பலாம்,
ஆனால் கேட்க வேண்டும். படிவம் உண்டு. முப்பது நாள்.
வெர்னான் மறுபடி கதவு தட்டக் கிளம்பினார்,
இந்த முறை ஒரு பை நிறையப் பேனா.

நானும் ஒன்று வாங்கினேன்.
பெயர்: ரொவீனா டக்கெட்.
மீட்டர் எண்ணை டார்ச் அடித்துப் பார்த்து எழுதினேன்.
காரணம் என்ற கட்டம் ஒரு விரல் அகலம்.
போதவில்லை.
ஓரத்தில் எழுதினேன், திருப்பிப் பின்பக்கமும்,
மணி ஆறரை,
மேசை விளக்கு எரிய.