சுழலாத பந்து

செவ்வாய் இரவு ஏழரை.
சுவாவ்கியில் வெளியே மைனஸ் பதினெட்டு.
பள்ளி அரங்கின் ஹீட்டர் இருமுகிறது.
கார் டிக்கியில் கிடந்த பந்துகள் கல்லாகிவிட்டன.
ஆளுக்கொன்றை ஸ்வெட்டருக்குள் வைத்துச்
சூடேற்றச் சொல்கிறேன்.
ஏழெட்டு மாதக் கர்ப்பிணிகளாய்
வரிசையில் நிற்கிறார்கள்
பால் ஆலை போக்னா,
ஆம்புலன்ஸ் ஓட்டும் தோப்ராவா,
மருந்துக்கடை ஒதிலியா.

இன்று யாரும் அடிக்க வேண்டாம்.
தூக்கிப் போடுங்கள், விழட்டும்.
முன்காலுக்கு அரையடி முன்னே
நான் ஒட்டிய பிளாஸ்திரி மேல் விழட்டும்.
தப்பு அடிக்கிற கையில் இல்லை,
விடுகிற கையில்.

நூற்று நாற்பதாவது முறை
போக்னாவுக்குப் பொறுக்கவில்லை.
என்னைவிட மூன்று வயது பெரியவள்.
"எங்கே, நீ ஒன்று போட்டுக் காட்டு."

பதினொரு வருடம் லிபரோவாக ஆடினேன்.
வேறு நிறச் சட்டை, பின்வரிசை.
சர்வ் போட விதி விடாது.
ஒரு ஆட்டத்தில்கூட
எனக்கென்று அந்த விசில் ஊதியதில்லை.

போட்டேன்.
வலையின் அடிப்பாகம்.
சிரித்து முடிக்க ஐந்து நிமிடம் ஆனது,
எனக்கும்தான்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் மறுபக்கம்.
சுழலும் பந்து யோக்கியமானது,
போகிற இடத்தைச் சொல்லிவிட்டு வரும்.
சுழலாத பந்து
வலையைத் தாண்டியதும் பேச்சு மாறும்.
மார்புக்கு என்று நிற்போம்,
முழங்காலுக்கு வரும்.
காற்று வால்வு அசையாமல்
என்னையே பார்த்துக்கொண்டு வந்த ஒவ்வொரு முறையும்
எனக்கு வயிறு கலங்கியிருக்கிறது.
அந்தக் கலக்கத்தைத்தான் சொல்லித்தருகிறேன்,
வேறு பாடம் என்னிடம் இல்லை.

உள்ளங்கை விறைப்பாக இருக்கட்டும்.
பட்டதும் நிறுத்து.
கதவைத் தட்டு,
தள்ளிக்கொண்டு உள்ளே போகாதே.
ஆளைப் பார்த்துப் போடாதே,
இரண்டு ஆளுக்கு நடுவே போடு.
"மோயா", என்னுடையது, என்று
ஒருத்தி கத்துவதற்கும்
கத்தாமல் விடுவதற்கும் இடையில்
ஒரு கெஜம் தரை காலியாக இருக்கும்.
எத்தனை இரவு அதை நினைத்து
விழித்துக் கிடந்திருக்கிறேன்.

சனிக்கிழமை. அவ்குஸ்தூவ் அணி.
ஐந்தாவது செட், பதினாலு பதின்மூன்று.
போக்னா பந்தை உருட்டி
வால்வைத் தேடுகிறாள்.
எட்டு நொடியில் ஆறு போய்விட்டது.
விடுகிற கை நேராக எழுகிறது.
ஒரு தட்டு.

பெஞ்சுக்குப் பக்கத்தில்
என் முழங்கால்கள் மடிகின்றன.
இரண்டு முன்கைகளும் தாமாக ஒட்டிக்கொள்கின்றன,
எதிரணிக்காக.
வயிறு கலங்குகிறது.

நல்ல சர்வ்.