முப்பத்தொன்றாம் பக்கம்

காவேரிப்பட்டணத்தில் மாங்கூழ் ஆலைச் சங்கு
ஊதி அடங்கிய பிறகுதான்
ழில்பேர் வொதியேயின் பக்கங்களைப் பிரிப்பேன்.

மூன்றே எழுத்தில் பிரெஞ்சில் அவர் மறுத்த இடத்தில்
முடியாது என்று நான் எழுத வேண்டும்.
குமிழ் போதாது.
என் துணைக்கால்
குதிரைக்காரனின் தொப்பியை மிதிக்கும்.

பாலைவனம் பார்த்ததே இல்லையாம் அவர்.
ஓயாமல் தூறும் பெல்ஜிய ஊரொன்றில்
நாற்பது வருஷம் மாடியறையில் உட்கார்ந்து
அவர் போட்ட பாறைகள்
அப்படியே நம்ம சையத் பாஷா மலை,
வெடிப்பு உட்பட.

இந்த ஆல்பத்தில்
முப்பத்தொன்றாம் பக்கத்திலிருந்து
குதிரைகளின் முழங்கால் சரியாக மடங்குகிறது.

அவருக்கு அது வந்ததே இல்லை.

பதிப்பாளருக்குப் போன் போட்டேன்.
"ஆமா, மார்ச்சுலயே.
உங்களுக்கு யாரு சொன்னா?"

இன்னும் பதினெட்டுப் பக்கம்.
வெள்ளிக்குள் கேட்கிறார்கள்.