பெயர் இரவல்

மீனின் தலையைத்தான் கேட்டேன்.
உடலை நீங்கள் விற்றுக்கொள்ளுங்கள், தலை போதும்.
ம்புலுங்குத் துறையில் யாரும் அப்படிக் கேட்டதில்லை போலும்.
நன்யாங்வே என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.
தலைக்கும் விலை உண்டு என்றாள்.
நியாயம்.

டாங்கன்யிகா அன்று காலை சாம்பல் நிறம்.
இரவுப் படகுகள் விளக்கணைத்துக்
கரையில் சாய்ந்து கிடந்தன.
பத்தொன்பது தலைகள், ஓர் ஐஸ் பெட்டி,
ஆய்வுக்கூடம் வரை சிம்பாசாவின் சைக்கிள்.

ஒன்பதாவது தலையின் வாயைத் திறந்தபோது
உள்ளே குஞ்சுகள்.
கண் வந்துவிட்ட, வயிற்றில் இன்னும் மஞ்சள் கரு சுமந்த
இருபத்திரண்டு.
பட்டினி கிடந்து வாய்க்குள் பிள்ளை வளர்க்கும் மீன் இது.
சிம்பாசா கத்தரிக்கோலை வைத்துவிட்டுத்
தேநீர் போடப் போனான்.
நான் செவுளை வெட்டினேன்.

இடப்பக்கம், இரண்டாம் வளைவு.
சிவந்த சீப்பின் பற்களுக்கு நடுவே
பிரிந்த நூலிழை அளவில் ஒன்று
நீண்டது, சுருங்கியது, நீண்டது.
தாய் சாப்பிடாத வாரங்களிலும்
இது சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று சொல்ல வாயெடுத்தேன்.
ஆனால் அந்த வீட்டை அடைய அது பட்ட பாடு!
முட்டையிலிருந்து வந்தால் கையில் சில மணி நேரம்,
அதற்குள் இந்த மீனைக் கண்டுபிடிக்க வேண்டும்,
பக்கத்துப் பாறையின் மீனை அல்ல.
தவறினால் ஏரியின் அடி.

மென்மையெல்லாம் கரைய வேண்டும்.
மஞ்சள் திரவம் ஒரு சொட்டு:
குடல் மங்கும், கண்புள்ளி போகும்,
கடினமானது மிஞ்சும்.
பதினான்கு சிறு கொக்கி, இரண்டு ஜோடி நங்கூரம்,
காது முளைத்த பட்டை ஒன்று,
கவண்கட்டை போல் கவைத்தது ஒன்று.
பிறகு அந்தக் குழல்.
ஆணுறுப்பு என்று எழுதக் கூச்சப்பட்டால்
இந்த வேலைக்கு வரக் கூடாது;
எந்த இனம் என்பது அதன் வளைவில்தான் இருக்கிறது.
தெரிந்தவற்றில் அது ஒருமுறை சுருளும்.
இதில் இரண்டரைச் சுற்று, கடைசியில் நுனி திரும்பி,
யாரோ கூப்பிட்டதுபோல் நிற்கிறது.

மின்சாரம் போனது.
மறுநாள் அதே சுருள்.
மறுவாரம் வேறு தலையில் அதே சுருள்.
இருபத்தாறு புழுக்களை அளந்தபின்
'புதிய இனம்' என்பதன் பக்கத்தில் இருந்த
கேள்விக்குறியை அழித்தேன்.
மீனைக் கேட்டிருந்தால்
புதியது என்று சொல்லியிருக்காது.

படத்தை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனேன்.
உங்கள் பெயரை இதற்கு வைக்கலாமா?
என்ன இது?
செவுளில் கொக்கி மாட்டிக்கொண்டு
அங்கேயே தின்று அங்கேயே வாழும் புழு.
நன்யாங்வே ஈ விரட்டுவதை நிறுத்தினாள்.
மூன்று வருஷமாக என் வீட்டில்
ஒரு மைத்துனன் இருக்கிறான், அவன் பெயரை வை!
கபெண்டா விற்கும் பெண்கள்
தராசைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் கேட்டாள்:
மீனைக் கொல்லுமா?
பெரும்பாலும் இல்லை. மீன் செத்தால் இதற்கும் சாவு.
கொஞ்சம் யோசித்தாள்.
அப்படியானால் என் பெயரையே வை,
அவனுக்கு அவ்வளவு விவரம் போதாது.
எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னாள்.
லத்தீன்காரர்கள் வாலில் ஓர் 'ஏ' சேர்ப்பார்கள் என்றேன்.
சேர்க்கட்டும், காசு கேட்காமல் இருந்தால் சரி.

முதன்மை மாதிரி பெல்ஜியத்துக்குப் போனது,
ஓர் அருங்காட்சியகத்தின் இழுப்பறைக்கு.
கண்ணாடித் தகட்டின் விளிம்பை அடைத்திருப்பது
என் நகப்பூச்சு, ஊதா.
போன மாதம் எனக்கு மறுத்த விசா
புழுவுக்குத் தேவைப்படவில்லை.

கட்டுரையில் மீனுக்கு ஓம்புயிர் என்று பெயர்.
புழுவை ஓம்பியதைத்தான் சொல்கிறோம்.
வாயில் இருபத்திரண்டு குஞ்சுகள் என்று
நான் எழுதிய வரியை
தொடர்பில்லாதது என்று பதிப்பாசிரியர் நீக்கினார்.
அவர் சொன்னது சரிதான்.

சிம்பாசா அவற்றை ஒரு தனிக் குப்பியில் போட்டு
தேதி எழுதி
சன்னலோரம் வைத்திருக்கிறான்.
எதற்கு என்று நானும் கேட்கவில்லை.