பதினோராவது கேள்விக்கு

தங்கச்சி, உங்கட கேள்விக்கொத்தை
கிளினிக் முடிஞ்ச பிறகுதான் கையில் எடுத்தன்.
ஊர்காவற்றுறையில் செவ்வாய் என்றால்
சீனி வருத்தமும் பிரஷரும்
முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கும்.
ஆளுக்குப் பதிலாகச் செருப்பு வரிசையில் நிற்கும்.

"இம்முறைமை எனது வேலையை இலகுவாக்குகிறது."
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் வட்டமிடட்டாம்.
எந்த வேலையை?
கொப்பியில் எழுதுறது ஒரு வேலை.
அதைப் பார்த்து இதற்குள் அடிக்கிறது இன்னொன்று.
கரண்ட் போனால் கொப்பி,
வந்தால் திரும்பவும் முதலிலிருந்து.
மூன்றுக்கு வட்டம் போட்டிருக்கிறன்.
மூன்று நல்ல இலக்கம்.
ஏன் என்று ஒருத்தரும் வந்து கேட்கமாட்டினம்.

கடவுச்சொல்லைப் பிறரோடு பகிர்வதுண்டா?
இல்லை.
(மொனிற்றரைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்கவேண்டாம்.)
என்ர இருபது வயதில்
இந்தக் குடாநாட்டை விட்டு வெளிக்கிட
பாஸ் எடுக்கவேணும்,
பிணைக்கு ஒரு ஆளை விட்டிட்டுப் போகவேணும்.
அதனாலோ என்னவோ
"அனுமதி மறுக்கப்பட்டது" என்று சிவப்பில் வந்தால்
இன்றைக்கும் என்ர கை
ஒருக்கால் பின்னுக்கு வருது.
இரண்டு நாள் பயிற்சியில்
இதைச் சொல்ல நேரம் ஒதுக்கியிருக்கேல்லை.

"உறவினர் பெயர்" என்றொரு கட்டம் இருந்தது,
பக்கத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரத்தோடு.
நிரப்பாமல் சேமிக்க விடாது.
முதல்நாள் எனக்கு முன்னால் இருந்தது றெஜினம்மா.
"ஆரை எழுத?" என்று கேட்டன்.
மனுசி மேசை விளிம்பை நகத்தால் கீறிக்கொண்டிருந்தா.
கொப்பி என்றால் அந்த இடத்தை விட்டு
அடுத்த வரிக்குப் போயிருப்பன்.
கடதாசி பேசாமல் இருக்கும்.
இது இருக்கேல்லை.
பின்னால் நாற்பது பேர் இருமிக்கொண்டு நின்றினம்.
கடைசியில் ஒரு புள்ளி வைச்சன்.
ஏற்றுக்கொண்டது.

ஆறு மாதம் கழிச்சுப் பிராந்தியப் பணிமனையிலிருந்து
கபிலாஷ் தம்பி போன் எடுத்தார்.
"மிஸி, உங்கட கிளினிக்கில்
புள்ளி என்ற பெயரில் பதினேழு உறவினர்."
சிரிச்சார். நானும் சிரிச்சன்.
பிறகு ஆளின்ர பேர் சொல்லாமல்
ஒவ்வொரு புள்ளியாய்ச் சொல்லிக்கொண்டு வந்தன்.
ஒன்று வேலிச் சண்டை, தம்பியின்ர பேரை
வாயால் சொல்லமாட்டாராம்.
ஒன்று நோர்வேயில் இருக்கிற மகள்,
நம்பர் மாறி மூன்று வருசம்.
ஒன்றுக்குப் பேர் இருக்கு,
பேருக்குரியவர் எங்கே என்று
இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லை.
அந்த இடத்தில் தம்பி சிரிப்பை நிற்பாட்டினார்.
மிச்சத்தையும் கேட்டார்.
அடுத்த கிழமை திறந்து பார்க்க
நட்சத்திரத்தைக் காணேல்லை.

போன மாரியில் சவிரிமுத்துவைத் தூக்கிக்கொண்டு வந்தினம்.
திருக்கை குத்திக் கால் வீங்கி, நினைவு தடுமாறி.
கிளினிக் கொப்பி வள்ளத்தோடு போட்டுது.
புது டொக்டர் ஊசிக்கு எழுதிப்போட்டார்,
நான் மருந்தையும் உறிஞ்சி எடுத்திட்டன்.
பழக்கத்தில் அடையாள இலக்கத்தைத் தட்டினன்.
"பெனிசிலின் ஒவாமை" என்று வந்தது.
ஒரு 'வ்' குறைவு.
அந்தப் பிழை என்ர கைப்பிழைதான்.
ஒரு செவ்வாய் பின்னேரம், பசியில்,
இதையும் கொம்பியூட்டரையும் திட்டித் திட்டி அடிச்சிருப்பன்.
ஊசியைக் குப்பைக்குள் போட்டுவிட்டு
கொஞ்சநேரம் கதிரையில் இருந்தன்.
பிறகு அந்த 'வ்'வைப் போட்டன்.
கொப்பியை இன்னும் விடேல்லை, அதையும் எழுதுங்கோ.

பதினோராவது கேள்வி:
"எதிர்காலத்திலும் இம்முறைமையைப் பயன்படுத்த விரும்புகிறேன்."
வட்டம் போடேல்லை, தங்கச்சி.
கீழே இடம் இருந்தது, எழுதியிருக்கிறன்:
மூன்றாம் அறையில் மேசைக்கு நேர் மேலே
இரண்டு ஓடு உடைஞ்சிருக்கு.
மழைக்கு முதல் மாத்தித் தரச் சொல்லுங்கோ,
பெட்டி நனையப்போகுது.
இப்போதைக்கு
என்ர குடையை விரிச்சு மூடியிருக்கிறன்.