எச்சில் தொட்ட சீட்டு

சளி என்றால் வாசலில் நின்று செருமிவிட்டு வரும்.
இது அப்படி இல்லை.
செவ்வாய்க்கிழமை, பகல் இரண்டே கால்,
பஸ் ஃபீனிக்ஸ் ரவுண்டானாவில் திரும்பியபோது
முதுகுத்தண்டில் யாரோ பனிக்கட்டியை இழுத்தார்கள்.

க்யூர்பிப்பில் இறங்கினால்
கண்டக்டர் பை கழுத்தை அறுக்கிறது.
சில்லறை இவ்வளவு கனமா?
ஜூலைத் தூறலில் பல்லோடு பல் பேசிற்று.

இரவு முப்பத்தொன்பதரை.
கண்ணை அசைத்தால் கண்ணுக்குப் பின்னால் வலி,
சுவரையே பார்த்துக் கிடந்தேன்.
தொடைக்குள் எலும்பு இருப்பது அன்றுதான் தெரிந்தது.
தலைமயிரும் வலித்தது, சத்தியமாக.
மூக்கு ஒழுகவில்லை. இருமல் மட்டும்,
காய்ந்த கரும்புத் தோகை தொண்டையில் உரச உரச.
"லாக்ரிப்" என்றாள் சவுந்தரி.
இந்தத் தீவில் அதற்கு அதுதான் பெயர்.
ரசத்தை வைத்துவிட்டுக்
கதவுக்கு அந்தப் பக்கம் பாயை விரித்தாள்.

டாக்டர் மூக்கில் குச்சி விட்டு
கால் மணி காத்திருந்து சொன்னார்:
"ஏ வகை."
ஏ!
தெருவில் யாரோ கூப்பிட்டமாதிரி
திரும்பிப் பார்த்துவிட்டேன்.

எப்போது தொடங்கியது என்று கேட்டார். சொன்னேன்.
"அதற்கு முந்தின நாளே மற்றவர்களுக்குப் பரவத் தொடங்கியிருக்கும்"
எழுதிக்கொண்டே சொன்னார்,
மழை வரும் என்பதுபோல.

முந்தின நாள் திங்கள்.
அன்று எனக்கு ஒன்றுமே இல்லை,
விசிலடித்துக்கொண்டிருந்தேன்.
கட்டைவிரலை நாக்கில் நனைத்து நனைத்து
சீட்டுச் சீட்டாய்க் கிழித்தேன்.
கீரைக் கட்டோடு ஒரு கிழவர்.
மூன்று நர்சுகள்.
காத்ர் போர்னில் ஏறிய கர்ப்பிணி,
எட்டு மாதம் இருக்கும்,
சீட்டைப் பல்லில் கவ்விக்கொண்டு
மீதிச் சில்லறையைப் பர்ஸில் போட்டாள்.

காய்ச்சல் நாலாம் நாள் இறங்கியது.
அந்தப் பல் இறங்கவில்லை.

டெப்போவிலிருந்து ஆளில்லை என்று கூப்பிட்டார்கள்.
சவுந்தரி போனை வாங்கி
அரிசி டப்பாவுக்குள் போட்டாள்.
படி ஏறினால் முட்டி நடுங்கியது
அப்புறமும் ஒரு வாரம்.

வேலைக்குத் திரும்பிய திங்கள்,
காத்ர் போர்ன் நிறுத்தத்தில் அவள் இல்லை.
செவ்வாய் இல்லை. புதனும்.
டிரைவர் ஜோஸ்லனிடம் கேட்டேன்.
எந்தப் பெண் என்றான்.

வெள்ளிக்கிழமை ஏறினாள்,
வயிறு அவளுக்கு முன்னால் ஏறியது.
நாக்குவரை போன விரலைச்
சட்டையில் துடைத்துக்கொண்டேன்.
காய்ந்த விரலுக்கு
இரண்டு சீட்டு ஒட்டிக்கொண்டு வந்தது.
ஒன்றைத் திருப்பித் தந்தாள்:
"இப்போதைக்கு ஒன்று போதும்."

ஜன்னலையெல்லாம் எதற்குத் திறந்து வைத்திருக்கிறாய்,
குளிர்கிறது என்று
பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.