மணல் தள்ளுதல்

நாளைக்கு எடைக்குப் போகிற காகிதம்.
பாதியைக் கறையான் படித்துவிட்டது.
மீதியை நான்,
ஸ்டோர் ரூம் படியில் உட்கார்ந்து.

பாம்பன் - தனுஷ்கோடி. கேங் எண் ஏழு.
மேஸ்திரி கலந்தர் மீராவின் எழுத்து,
எறும்பு போகிற மாதிரி.
பெயர்: சந்தியாகப் பிச்சை.
வேலை: மணல் தள்ளுதல்.
மறுநாளும் மணல் தள்ளுதல்.
கச்சான் வீசும் மாதங்களில் இருபது ஆள்,
வாடைக்கு எட்டு.
தள்ளிய மணலுக்குக் கணக்கில்லை,
தள்ளத் தள்ள வந்ததற்கும்.

கப்பலேறப் போனவர்கள்
மண்டபத்தில் ஊசி போட்ட கையை
ஜன்னலில் வைத்துக்கொண்டு
கடல் பார்த்துப் போயிருப்பார்கள்.
சக்கரத்துக்கு வழி பெருக்கிவிட்டு
மண்வெட்டியில் சாய்ந்து நின்ற எட்டுப் பேர்
யார் கண்ணிலும் பட்டிருக்க மாட்டார்கள்.

அறுபத்து நாலு டிசம்பர் இருபத்திரண்டு:
எட்டுக் கைநாட்டு.
அப்புறம் ஒன்பது பக்கம் உப்பு.

ஜனவரியில் மறுபடி மை.
பெயர்: சந்தியாகப் பிச்சை.
ஒரே ஆள்.
வேலை: மணல் தள்ளுதல்.

மதுரையிலிருந்து சிவப்பு மை கேட்கிறது: எந்த இடத்தில்?
கலந்தர் மீரா: கம்பி இருந்த இடத்தில்.
சிவப்பு மை: எதற்காக?
பதில் இல்லை.
மறுநாள் தேதி. மறுநாள் கைநாட்டு.

பிப்ரவரி நாலு, குறிப்பு என்ற கட்டத்தில்:
கண்ணாடி வளையல் ஒன்று, சிறுசு, உடையாதது.
ஒப்படைக்க ஸ்டேஷன் மாஸ்டர் இல்லை.

மார்ச்சில் உத்தரவு வந்திருக்கிறது.
பாதை கைவிடப்பட்டது.
இல்லாத பாதையில் செய்த வேலைக்குக்
கூலி கொடுத்தது தவறு.
ஆளை மானாமதுரைக்கு மாற்றுக,
மாதம் மூன்று ரூபாய் பிடிக்க.

பிடித்திருக்கிறார்கள்.
அறுபத்தேழு ஆகஸ்ட் வரை.

ரசீதுகளைக் குத்தி வைத்த கம்பி
துருவேறி, தொட்டதும் ஒடிகிறது.
ஒவ்வொன்றிலும் கட்டைவிரல்,
நீல மையில் அதே சுழி, அதே வெட்டுத் தழும்பு.
கடைசி ரசீதில் மட்டும் கையெழுத்து.

ச. பிச்சை.

யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று எங்கும் இல்லை.
'ச்'சுக்குப் புள்ளி வைக்க மறந்து
பிறகு வைத்திருக்கிறார்,
அடித்தாள் வரைக்கும் ஓட்டை விழுகிற மாதிரி
அழுத்தி.